தலைகீழாக வைத்த பெட்டிகள்

கிடங்கு முதலாளி போன் செய்தபோது அப்பா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. துக்கம் விசாரிப்பதுபோல்தான் தொடங்கினார்.

"மனசைத் தேத்திக்கம்மா. அவரு எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி." தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "நீ போட்டுக் குடுத்த சாஃப்ட்வேர் சும்மா சும்மா பால்பவுடர் ஆர்டர் போடுது. கழிவுன்னு ஒரு இடம் வச்சிருக்கேல்ல, அதையும் இருப்போட சேத்து எண்ணுற மாதிரி பண்ணிடு. ஒவ்வொண்ணா மாத்தி மாளல. உங்கப்பாவே கடைசியில சரின்னுட்டாரு."

அப்பா சரி என்றாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் மகளால் சும்மா இருக்க முடியாது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அப்பா அந்தக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்கீப்பர். சின்னக் கடைகளுக்குப் பிஸ்கட்டும் குழந்தைகளின் பால்பவுடரும் அனுப்பும் இடம். தேதி கடந்ததோ, ஈரம் பட்டதோ கண்ணில் பட்டால் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிடுவார். அட்டையில் அச்சடித்த அம்புக்குறி தரையைப் பார்க்கும். அப்படி வைத்த பெட்டியை எந்த லோடுமேனும் தொட மாட்டான். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி ஒட்டியதில்லை. அவருக்குக் 'கவுத்தி ஐயா' என்று பேர் வைத்ததுதான் மிச்சம். வீட்டிலும் அதே பழக்கம். அலமாரியில் ஜாம் பாட்டில் கவிழ்ந்து நின்றால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். "இத்தனை வருஷத்துல என்னை ஒருநாள் கவுத்தி வைக்காம விட்டீங்களே" என்பாள் அம்மா. "உனக்கு இன்னும் தேதி இருக்கு" என்பார் அப்பா.

இரண்டு வருஷத்துக்கு முன் மகள்தான் அந்த சாஃப்ட்வேரை அமைத்தாள். பால்பவுடர் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பெட்டி போகும்; ஆர்டர் போட்டால் வர ஒன்பது நாள்; அவசரத்துக்கென்று கையிருப்பாக நாற்பது. ஆக நூற்று நாற்பத்தெட்டு. இருப்பு அதற்குக் கீழே இறங்கினால் ஆர்டர் தானாகப் போய்விடும்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "கெட்டதையும் எண்ணுமா இது?"

"நீங்க எண்ணினா எண்ணும்."

"அப்ப இதுக்கு மூக்கு கிடையாது."

அதற்காகத்தான் 'கழிவு' என்று ஓர் இடம் வைத்துக் கொடுத்தாள். அங்கே மாற்றியது இருப்பில் சேராது. காலாவதித் தேதியை வைத்துத் தானாகவே தடுக்கும் வசதியும் அதில் இருந்தது. அதை அவள் போடவில்லை. அப்பாதான் இருக்கிறாரே என்று விட்டுவிட்டாள். இப்போது அதை நினைத்தால் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

கிடங்குக்குள் நுழைந்ததும் சிக்கு வாடை. அப்பா இருந்தவரை இல்லாத வாடை. பால்பவுடர் அடுக்கில் எல்லாப் பெட்டியும் நிமிர்ந்து நின்றது. அருகில் போய்ப் பார்த்தாள். சில பெட்டிகளின் மேல்பக்கத்தில் தரை அழுக்கு அப்பியிருந்தது. எண்ணினாள், ஐம்பத்தைந்து.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் லோடுமேன் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

"நாங்க தொடலம்மா. ஐயா கவுத்தினதை ஏத்த மாட்டோம்னு ஒரு வாரமா சொல்லிட்டோம். நேத்து சாப்பிட்டுட்டு வந்து பாத்தா எல்லாம் நிமிந்து நிக்குது. எது எதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்? காலையில அந்த அடுக்குலேர்ந்து ஒன்பது பெட்டி போயிடுச்சு."

ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு பாக்கெட்டைக் கிழித்தாள். மாவு மஞ்சளாகக் கட்டி தட்டியிருந்தது. பழைய எண்ணெயை முகத்தில் அடித்ததுபோல் இருந்தது. இதைத்தான் யாரோ ஒரு அம்மா வெந்நீரில் கலக்கி, சூடு பார்த்து, கைக்குழந்தைக்குக் கொடுக்கப்போகிறாள்.

அப்பாவின் மேஜையில் போய் உட்கார்ந்தாள். மானிட்டர் ஓரத்தில், அவர் பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய அட்டைத் துண்டு அப்படியே இருந்தது. பதிவேட்டைத் திறந்தாள். கழிவிலிருந்து இருப்புக்கு: அறுபத்து நான்கு பெட்டி. செய்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். தேதி, அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்த நாள். நேரம் பகல் பதினொன்று இருபது.

அன்று முதலாளி பத்து மணிக்கு மாலையோடு வந்தார். விம்மினார். கிடங்கில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று பத்தரைக்குப் புறப்பட்டார்.

"வந்துட்டியாம்மா" என்று பின்னால் குரல். முதலாளிதான். "ஒரே ஒரு டிக்குதானாமே. போட்டுட்டியா?"

"அப்பா சரின்னாருன்னு சொன்னீங்களே. எப்போ?"

"கடைசி வாரம். ஆஸ்பத்திரியில."

"தொண்டையில குழாய் இருந்துச்சு."

"தலையாட்டினாரும்மா."

மானிட்டரை அவர் பக்கம் திருப்பினாள். அவர் படித்தார். முகம் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

"அவரு பேருலதான் எல்லாமே ஓடுச்சு, அதுலயே செஞ்சேன். தேதின்னா என்ன, விஷமா? ரெண்டு மாசம் முன்ன பின்ன. உங்கப்பா இதுல கொஞ்சம் ஓவர்."

கிழித்த பாக்கெட்டை மேஜையில் வைத்து அவர் பக்கம் தள்ளினாள். "வெந்நீர் கொண்டுவரச் சொல்றேன். ஒரு டம்ளர் குடிங்க."

முதலாளி ஓரடி பின்னால் நகர்ந்தார். கையால் மூக்கை மூடியதை அவரே கவனிக்கவில்லை. கதவருகே நெட்டை கவனித்தார்.

அவள் தன் பெயரில் உள்ளே நுழைந்தாள். மீதி ஐம்பத்தைந்து பெட்டியைக் கழிவுக்கு மாற்றினாள். இருப்பு நூற்றுத் தொண்ணூற்றாறிலிருந்து நூற்று நாற்பத்தொன்றுக்கு இறங்கியது. யாரும் எதையும் அமுக்காமலே திரையின் மூலையில் ஒரு வரி வந்தது: ஆர்டர் அனுப்பப்பட்டது. அப்பாவின் பெயரில் இருந்த கணக்கை நிரந்தரமாக மூடினாள். அட்டைத் துண்டை உரித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?" என்றார் முதலாளி.

காலையில் போன ஒன்பது பெட்டிக்கும் மூன்று கடைகளுக்குச் சீட்டு. மூன்றிலும் சரிபார்த்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். மேஜை மேல் இருந்த போனை எடுத்து முதல் கடையின் எண்ணை அழுத்தினாள். வெளியே நெட்டையும் இன்னொருவரும் அழுக்கு மேலே தெரிந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்டோர்லேர்ந்து பேசறேன்."

"கவுத்தி ஐயா இல்லையாம்மா?" கடைக்காரருக்கு விஷயம் தெரியாதுபோல.

"அவரு இறந்துட்டாரு. காலையில உங்களுக்கு வந்த நாலு பெட்டி பால்பவுடர், அவரு கவுத்தி வச்சது. விக்காதீங்க."

எதிர்முனையில் கடைக்காரர் யாரிடமோ சொல்வது கேட்டது. "டேய், அந்தப் பால்பவுடரை யாருக்கும் குடுக்காத. வாங்கிட்டுப் போற அந்தம்மாவைக் கூப்பிடு, இப்பத்தான் படி இறங்குறாங்க."