பிந்திப் போன கவாத்து

கொடியிலேயே பழம் அழுகினால் என்ன வாடை வரும் என்று எனக்குத் தெரியும். முதல் கொரோனா ஊரடங்கு. பங்குனி மாதம். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சை கறுத்துப் பழுத்துத் தொங்கியது. கேரள எல்லையிலிருக்கிற குமுளிச் சாவடி மூடிக் கிடந்தது, ஒரு லாரி வரவில்லை. ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தோம். மீதி பந்தலுக்கடியில் விழுந்து நாறியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார். "அடுத்த காய்ப்பும் இப்படிப் போச்சுன்னா கொடிய வேரோட வெட்டிட்டுத் தென்னை வச்சிருவேன். சொல்லிட்டேன்." கல்யாணத்துக்கு மறுவருடம் நாங்கள் இருவருமாக நட்ட கொடிகள் அவை. பிள்ளைகளைப் படிக்க வைத்தவை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கவாத்து செய்து பழைய கிளைகளைக் கழித்துவிட்டால் நாலு மாதத்தில் பழம் வரும். ஆடிக் கடைசியில் வெட்டினால் கார்த்திகையில் சபரிமலைக்குப் போகிற சாமிமார் வழியில் வாங்குவார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. அந்த வருடமும் எல்லாத் தோட்டத்திலும் ஒரே வாரத்தில் கத்திரி விழுந்தது. எங்களுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. ஊர்க் காளியம்மன் முன்னால் ஈரத்துணியோடு நின்று, "ஆத்தா, இந்த வாரமே ஆள் வரணும்" என்று வேண்டினேன்.

ஆள் வரவில்லை. கொரோனாதான் வந்தது, என் வீட்டுக்காரருக்கு. வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பாண்டியம்மாள் மதினி மட்டும் தினமும் கஞ்சியைத் தகரத்துக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, "அண்ணன் எந்திரிச்சு உக்காந்தாகளா?" என்று சத்தம் கொடுப்பார்.

எனக்கு வந்த கோபமெல்லாம் அம்மன் மேல்தான். வீட்டிலிருந்த படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். "ஏத்தா, ஆள் கேட்டா நோயவா அனுப்புவ? ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கத்தினேன். அவர் பிழைத்து எழுந்த அன்றுதான் படத்தைத் திருப்பினேன். புரட்டாசியில், ஊரே முடித்த பிறகு, எங்கள் கவாத்து நடந்தது.

கார்த்திகை வந்தது. மலைக்குப் போகக் கொஞ்சம் பேருக்குத்தான் அனுமதி. பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நேரத்தில் பழம், வாங்க ஆளில்லை. மதினி ரோட்டோரம் நின்றுவிட்டு நிறைந்த கூடையோடு திரும்பி வந்தார். எங்கள் கொடியில் அப்போது வெறும் பச்சைக் காய்.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் தோட்டத்து வாசலில் லாரிச் சத்தம். கேரளத்துப் பழ வியாபாரி இறங்கிப் பந்தலை அண்ணாந்து பார்த்தார். "சேச்சி, இங்கன மட்டும் எப்படிப் பழம் நிக்குது? வர்ற வழியெல்லாம் பந்தல் காலியாக் கெடக்கு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்ட வாரத்தில் ஆள் வந்திருந்தால் இந்தப் பழமும் கார்த்திகையில் வாங்க ஆளில்லாமல் அழுகியிருக்கும். அம்மாடி! பந்தலுக்கடியிலேயே விழுந்து கும்பிட்டேன். நோயை அவள் கொடுத்தாளா, எனக்குத் தெரியாது. அந்த நாட்களைக்கூட அவள் வீணாக்கவில்லை. வியாபாரி நல்ல விலை பேசி லாரியில் ஏற்றிக்கொண்டார். வீட்டுக்காரர் தென்னைப் பேச்சை அதோடு விட்டார்.

முதல் கூடையை மதினியிடம் கொண்டுபோனேன். மதினி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, "எல்லாரும் ஒண்ணா வெட்டுனா ஒண்ணாத்தான் சாகணும். இனி மாத்தி மாத்தி வெட்டுவோம்" என்றார். யார் முந்தி, யார் பிந்தி என்று சண்டை வரக்கூடாதே. அதனால் இப்போது தோட்டக்காரர்கள் எல்லாரும் அம்மன் சந்நிதியில் திருவுளச்சீட்டு எடுக்கிறோம். அவரவர் சீட்டில் விழுகிற மாதத்தில் கவாத்து. எப்போது வந்தாலும் யார் பந்தலிலாவது பழம் இருக்கும் என்று லாரிகள் நம்பி வருகின்றன.

நீங்களும் அம்மனிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் என்னைப் போலச் சண்டை போடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டாள். அவளை விட்டுவிட்டு மட்டும் போய்விடாதீர்கள்.

இந்த முறை எங்களுக்குக் கடைசி மாதம் விழுந்திருக்கிறது. வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். நான் கத்திரிக்கு எண்ணெய் போட்டு அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். அவள் எடுக்கச் சொல்லும்போது எடுப்பேன்.