தீவுக்கு ஒரு இடம்

என் தங்கை மங்கையர்க்கரசி அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறாள். அவளைப் பற்றி போர்ட் பிளேரில் இரண்டு கதைகள் உலவுகின்றன. டாக்டர் படிப்புக்கு விண்ணப்பித்து மார்க் போதாமல் நின்றுவிட்டாள் என்பது ஒன்று. எங்கள் அப்பாவிடம் பணம் இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. அவளுக்கு மார்க் இருந்தது. பணத்துக்கும் அப்பா வழி செய்து வைத்திருந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த தமிழில், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பா ராஜமாணிக்கம் ஐம்பத்து மூன்றாம் வருடம் முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து கொத்தனாராகக் கப்பலேறி வந்தவர். போர்ட் பிளேரில் லம்பா லைன் என்ற குடியிருப்பில் இருந்தோம். நான் சாத்தம் மர ஆலையில் மரம் அளக்கும் வேலையில் சேர்ந்தேன். இருவர் சம்பாதிப்போம், ஒருத்தியாவது முழுதாகப் படிக்கட்டும் என்று வீட்டில் முடிவானது. படித்தாள். எங்கள் லைனில் அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு படித்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சம் கிடையாது.

அவளோடு சேர்ந்து படித்தவள் ஆசியா. அபர்டீன் பஜாரில் பாத்திரமும் டிரங்குப் பெட்டியும் விற்கும் அப்துல் கனியின் மகள். அவர்களுக்கு ஊர் கீழக்கரை. ஒரே ஜில்லாக்காரர்கள் என்று அப்பாவும் அவரும் பழகினார்கள். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். உயிரியல் புத்தகம் இரண்டு பெண்களுக்கும் ஒன்றே ஒன்றுதான். ஒரு வாரம் எங்கள் வீட்டில் இருக்கும், மறு வாரம் கடைக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டில் இருக்கும்.

மெயின்லேண்டில் பெயர் பெற்ற ஒரு மருத்துவக் கல்லூரியில் அப்போது தீவுக்கு ஒரே ஒரு இடம். கல்லூரியின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே படித்த நல்ல டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்குள்ள கல்வி அலுவலகம் ஒரு பெயரை அனுப்ப வேண்டும், கல்லூரி சேர்த்துக்கொள்ளும். அறுபத்தொன்பதாம் வருடம் இரண்டு பெண்களும் விண்ணப்பித்தார்கள். மற்றவர்கள் வெகுதூரம் பின்தங்கி இருந்தார்கள்.

ஜூன் மாதம் அந்த அலுவலகத் தலைமை எழுத்தர் பக்தவத்சலம் எங்கள் இரு வீட்டாரையும் அழைத்தார். அப்பாவும் நானும் போனோம். கனி மாமா முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பைட்டோ மேஸ்திரி, பைட்டோ," என்று நாற்காலியைக் காட்டினார் எழுத்தர். "விஷயம் இதுதான். மொத்த மார்க்கைப் பார்த்தா உங்க பொண்ணு முன்னால நிக்குது. சயின்ஸ் பாடத்தை மட்டும் கூட்டினா பாயோட பொண்ணு முன்னால. எதைக் கணக்குல எடுக்கணும்னு ரூல்ல இல்லே. ரெண்டுல ஒருத்தர் விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்தா, மத்தவங்க பேரை இன்னிக்கே அனுப்பிடறேன். இல்லேன்னா ஃபைல் டெல்லி போவும்."

"டெல்லி போனா எப்ப வரும்?" என்றார் அப்பா.

"அது எப்படிச் சொல்ல முடியும். கப்பலா அது, நேரத்துக்கு வர?"

"இவரு எந்தக் கப்பலைச் சொல்றாரு மேஸ்திரி?" என்றார் கனி மாமா. எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் அவரும் சேர்ந்து சிரித்ததை நான் பிறகு பார்க்கவில்லை.

சிரித்து முடித்ததும் அப்பா சொன்னார்: "மொத்தம்னா மொத்தம்தானே பாய். பரீட்சையில தமிழும் இங்கிலீஷும் சும்மாவா வச்சிருக்கான்."

"டாக்டருக்குத் தமிழ் எதுக்கு மேஸ்திரி? ஊசி போடறப்போ செய்யுளா சொல்லப் போறாங்க?"

"நீங்க விலகமாட்டீங்க?"

"நீங்க விலகுவீங்களா?"

எழுத்தர் என்னைப் பார்த்தார். நானும் விலகமாட்டோம் என்றேன். யார் கேட்டாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன். மொத்த மார்க்கில் என் தங்கை முன்னால் நின்றாள்.

ஃபைல் டெல்லி போயிற்று.

அதன் பிறகு இரண்டு வீடும் பேச்சை நிறுத்தின. பெண்களும் சந்திக்கக் கூடாது என்றாயிற்று. புத்தகம் அந்த வாரம் எந்த வீட்டில் இருந்ததோ அங்கேயே தங்கிவிட்டது. அது எங்கள் வீடு. பரீட்சையெல்லாம் முடிந்திருந்தும் மங்கை தினமும் அதை விரித்து உட்கார்ந்தாள்.

"முடிஞ்ச பாடத்தை எதுக்கும்மா படிக்கிறே?" என்று கேட்டேன்.

"வேற எதையாவது தொடங்கினா, சீட்டு கிடைக்கலேன்னு நானே முடிவு பண்ணின மாதிரி இருக்கும்ணா. சும்மா உக்காந்தா கிடைச்சிடுச்சுன்னு நினைச்சுக்கிட்ட மாதிரி இருக்கும். இதுதான் ரெண்டும் இல்லாம இருக்கு."

லைனில் இருந்தவர்கள் அவளை அப்படி இருக்க விடவில்லை. குழாயடியில் டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைவேலு காலில் ஆணி குத்திய புண்ணைக் கொண்டுவந்து காட்டினார். "நாளைக்கு நீ டாக்டரானா பீஸ் கேப்பே. இப்பவே பாத்துரு தாயி," என்றார். மங்கை பார்க்கவில்லை, உள்ளே போய்விட்டாள். தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசினார்கள்.

நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அலுவலகத்துக்குப் போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்தவத்சலம் தலையை மட்டும் ஆட்டினார். ஒரு தரம், "தேக்கோ, பாரு தம்பி, நீ வர்றதால டெல்லி சீக்கிரம் முழிக்காது," என்றார்.

இதற்குள் சேர்க்கைத் தேதி நெருங்கியது. மதராஸ் கப்பல் ஜூலையில் ஒன்றுதான் பொருந்தி வந்தது. அதை விட்டால் அடுத்தது போய்ச் சேரும்போது வகுப்பே தொடங்கியிருக்கும். மெயின்லேண்டில் இருப்பவனுக்குத் தந்தி வந்ததும் ரயில் ஏறினால் போதும். தீவில் இருப்பவன் பதில் தெரியுமுன்பே கப்பல் ஏறியாக வேண்டும். போகலாமா வேண்டாமா என்று அப்பா யோசித்துக்கொண்டிருந்தபோது, கனி மாமா கப்பலில் இரண்டு பங்க், அதாவது படுக்கை, பதிவு செய்துவிட்டார் என்ற செய்தி வந்தது. மறுநாள் காலை நானும் டிக்கெட் கவுண்டரில் நின்று இரண்டு பங்க் பதிவு செய்தேன். நாங்கள் பதிவு செய்ததைப் பார்த்தாவது அவர் பின்வாங்குவார் என்று அப்பா நம்பினார். அவரும் அப்படியேதான் நினைத்திருப்பார்.

டிரங்குப் பெட்டி வாங்க வேண்டியிருந்தது. பெண் பிள்ளை ஹாஸ்டலுக்குக் கொண்டுபோகும்படியான பெட்டி அபர்டீன் பஜாரில் அவர் கடையில்தான் இருந்தது. நான் போனேன்.

"வாங்க," என்றார். அதுவரை என்னை வா என்றுதான் சொல்வார்.

"பெரிய பெட்டி ஒண்ணு குடுங்க பாய்."

நான் பாய் என்றதை அவர் கவனித்தார். பச்சைப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, மூடியைத் திறந்து மூடிக் காட்டினார். "அசல் தகடு. உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்காது. அஞ்சு வருசப் படிப்புக்குத் தாங்கும்."

"தாங்கினா சரி."

"ஒண்ணு சொல்லிப்புடறேன் தம்பி. வித்த சாமானை நம்ம கடையில திருப்பி எடுக்கிறதில்லே."

"திருப்பிக் கொண்டாரதுக்கு யாரும் வாங்கலே பாய். உங்க பொண்ணுக்கு எடுத்து வச்ச பெட்டியை வேணா கடையிலேயே வச்சுக்கங்க, வித்துடலாம்."

கடைப் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவர் விலையில் ஒரு பைசா கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. நானும் பேரம் பேசவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஜார் வழியே நடந்தேன். எல்லோரும் பார்க்கட்டும் என்றிருந்தது.

கப்பலில் பெண்களுக்குத் தனிப் பகுதி. அங்கே இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த பங்க் கிடைத்துவிட்டது, மாற்றக் கேட்டேன், முடியாது என்றார்கள். ஜூலை மாதக் கடல். இரண்டாம் நாள் பாதிப் பேர் எழுந்திருக்கவில்லை. கனி பாய் ஆண்கள் பகுதியில் எனக்கு எதிர்ப் பங்கில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் வாந்தியெடுத்தபோது ஒரு எலுமிச்சம்பழம் என் பக்கம் உருண்டு வந்தது. எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கடல் கொஞ்சம் அடங்கியது. மேல்தளத்தில் மங்கையும் ஆசியாவும் கம்பியோரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கூப்பிட்டுக் கண்டிக்கலாம் என்று நினைத்தேன். இன்னும் ஒரு நாள்தானே, யாருக்கு என்பது மதராஸில் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

கல்லூரி அலுவலகத்தில் நாங்கள் நால்வரும் ஒரே வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்தவர் அந்தமான் என்றதும் காகிதக் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். அவர் வாய் திறக்குமுன் மங்கை சொன்னாள்:

"சார், நாங்க ரெண்டு பேர் அப்ளை பண்ணியிருந்தோம். நான் விலகிக்கிறேன். ஆசியா பேரைப் போட்டுக்குங்க."

எனக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. கனி பாய் அவளையே பார்த்தார். ஆசியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யார் விலகினா என்னம்மா," என்றார் கவுண்டர்க்காரர். "உங்க ஊர்லேருந்து பேரே வரலையே. கெடு வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது. அந்த இடத்தைப் பொது லிஸ்ட்ல அடுத்த பையனுக்குக் குடுத்தாச்சு. அவன் பணமும் கட்டிட்டான்."

வெள்ளிக்கிழமை நாங்கள் கடலில் இருந்தோம்.

"டெல்லிலேருந்து பதில் வரும் சார்," என்றேன்.

"வரட்டும். வந்தா அடுத்த வருஷத்துக்கு ஆகும்."

கனி பாய் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மங்கையைப் பார்த்து, "மகளே," என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து ஆசியாவை அழைத்துக்கொண்டு போனார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வாசலில் நின்று கேட்டேன். "யாரைக் கேட்டு விலகினே?"

"நீங்க யாரைக் கேட்டு விலகமாட்டேன்னு சொன்னீங்க?"

"உனக்காகச் சொன்னோம்."

"என்னைக் கேக்கலியே அண்ணா. அவளையும் யாரும் கேக்கலே. அவளுக்குக் கீழக்கரையில மாப்பிள்ளை பேசி வச்சிருக்காங்க. சீட்டு கிடைச்சா படிப்பு, இல்லேன்னா இந்தப் பயணத்துலயே நிக்காஹ். எனக்குக் கிடைக்கலேன்னா நான் வீட்டுக்குத் திரும்பி வருவேன். அவளால வர முடியாது. அதைத்தான் கப்பல்ல பேசினோம்."

"நான் எட்டாவதோட நின்னது அவ டாக்டராகறதுக்கா?"

"அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலேண்ணா," என்றாள். இன்றுவரை சொல்லவுமில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதால் ஆறிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அவள் கொடுக்கத் துணிந்ததில் என் பங்கும் இருந்தது. கொடுத்தும் அது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

அடுத்த கப்பல் வரும்வரை மண்ணடியில் ஓர் அறையில் தங்கினோம். அந்த நாட்களுக்குள் கீழக்கரையில் ஆசியாவின் நிக்காஹ் முடிந்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவள் தீவுக்குத் திரும்பவில்லை.

நாங்கள் போர்ட் பிளேர் வந்து இறங்கியபோது டெல்லியின் பதில் வந்திருந்தது. பக்தவத்சலமே அப்பாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். இது போன்ற விஷயங்களை அந்தந்த இடத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம், டெல்லிக்கு எழுதத் தேவையில்லை என்று இருந்தது. அப்பா எழுந்து வீட்டுக்கு வந்து, அன்றைக்கு வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டார். கனி பாயோடு அவர் சாகும்வரை பேசவில்லை. பஜாரில் எதிரெதிரே வந்தால் இருவரும் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்.

அடுத்த வருடம் மங்கை மீண்டும் விண்ணப்பித்தாள். வண்டூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் மொத்த மார்க்கிலும் சயின்ஸ் மார்க்கிலும் அவளைவிட அதிகம் வாங்கியிருந்தான். அதில் குறை சொல்ல இடமில்லை. மூன்றாம் வருடம் நான் எவ்வளவோ சொல்லியும் விண்ணப்பிக்க மறுத்தாள். "காத்திருக்கிறது எனக்குப் போதும்," என்றாள். ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள், எழுபத்து மூன்றில் ரங்கத்துக்குப் போட்டார்கள். அங்கே தமிழ், வங்காளம், இந்தி என்று மூன்று மொழிப் பிள்ளைகளும் அவள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பாராட்டி எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் பெருமைதான். நான் கேட்ட பெருமை அதுவல்ல.

போன வருடம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ரங்கத் ஆஸ்பத்திரியில் அப்போது டாக்டர் இல்லை. வந்தவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார், அடுத்தவர் இன்னும் கப்பலேறவில்லை என்றார்கள். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் போர்ட் பிளேர் போக வழி கேட்டு மங்கையின் வீட்டு வாசலில் நின்றாள். மங்கை நெற்றியில் ஈரத்துணி போட்டு, கொதித்து ஆறிய தண்ணீரைக் கொடுக்கச் சொல்லி, காலை மோட்டார் படகுக்கு ஆள் அனுப்பினாள். அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். "டீச்சரம்மா டாக்டராக வேண்டியவங்களாமே. அப்படியாண்ணே?"

ஆமாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"இல்லே," என்றாள் மங்கை, குழந்தையின் நெற்றியிலிருந்து துணியை எடுத்துப் பிழிந்தபடி. "அப்ளை பண்ணியிருந்தேன். அவ்வளவுதான்."