கியர் வண்டியும் எட்டு முழ வேட்டியும்

ஈசிஆர் ரோடு புதிதாகப் போட்ட சமயம். கோவளத்திலிருந்து திருவிடந்தைக் கோயில் மடப்பள்ளி வேலைக்கு தினமும் சைக்கிளில்தான் போவேன். எதிர்க்காற்று படுத்திய பாட்டில், பழைய வண்டியே போதுமா, கியர் சைக்கிள் வாங்குவதா என்று ஒரு மாதம் தவித்து, கியரே வாங்கினேன்.

"இதுக்கு செயின் கவர் வராது சாமி, வேட்டி பத்திரம்" என்றார் கடைக்காரர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாளே வேட்டி நுனியைச் செயின் கவ்வியது. பெடல் சிக்கி, வண்டியோடு ரோட்டில் சாய்ந்தேன். பின்னால் பஸ் ஹாரன் அலறியது.

"இன்னா பாத்துகினு கீற? வேட்டிய வுட்டுட்டு வா சாமி!" என்று கத்தினார், மீன் கூடையோடு வந்த அம்மா ஒருவர். அவிழ்த்துப் போட்டுவிட்டு மேல்துண்டோடு மணலில் பாய்ந்தேன். பஸ் வண்டியை உரசிக்கொண்டு போனது.

இப்போது செயினை முழுதும் மூடிய பழைய வண்டியில்தான் போகிறேன். காற்றில் மூச்சு வாங்கும்போது கியர் ஆசை மறுபடி எட்டிப் பார்க்கும். உடனே கை தானாக இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்க்கும்.