குடிக்கணக்கு எடுக்கப் போன கிராணி

வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதும் வேலை, பதில் சொல்ல ஆட்கள் மட்டும் இல்லாவிட்டால் மிகவும் சுலபமானது. அதில் அகப்பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலாக்காவில் ஆபீஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த என்னை, மற்றவர்கள் முந்திக்கொண்டு லீவு போட்டுவிட்டதால், குடிக்கணக்கு எடுக்க அனுப்பினார்கள்.

தலையாட்டல்

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் என் முதல் வீடு, கண் தெரியாத அங்கம்மாளுடையது. பெயர், வயது, பிறந்த ஊர் எல்லாம் ஒரே மூச்சில் கேட்டேன். அவர் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் பெரிய மனிதத் தோரணையில் தலையசைத்தேன், சத்தமில்லாமல் எழுதினேன், மரியாதைக்குச் சிரிக்கவும் செய்தேன். நாலாவது பதிலோடு அவர் நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, கிராணியையா இருக்காரா, போயிட்டாரா? நான் பாட்டுக்குச் செவுத்துக்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்!"

கூச்சல்

கோலா சுங்கை பாருவில் தையற்காரர் காசிம் பாய்க்குக் காது கேட்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். ஆகவே கத்தினேன். "பாய், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" பக்கத்துச் சந்தையில் மீன் வாங்க வந்த கூட்டம் முழுக்கக் கடை வாசலுக்கு வந்துவிட்டது. "ரெண்டு தரம் லா!" என்றார் ஒருவர். "ஒண்ணுதான்!" என்றார் இன்னொருவர். அடிதடி வரும் போலிருந்தது.

நான் மூச்சு வாங்க நின்றபோது பாய் என் கையிலிருந்த பாரத்தை, அந்தக் கணக்குப் படிவத்தை, வாங்கி வாசித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தானே நிரப்பினார். என் எழுத்துப்பிழை இரண்டையும் திருத்தினார். பிறகு துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியால் மேசைமேல் எழுதிக் காட்டினார்:

"தம்பி, சிலேட்டு வாசலிலேயே தொங்குகிறது. என் கல்யாணத்தைப் பற்றி மீன் சந்தையில் விசாரிக்க வேண்டியதில்லை."

எட்டுப் படி

குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றாக, நடக்கச் சோம்பல். ஆபீஸ் வராந்தாவில் மேசை போட்டு எல்லாரையும் அங்கே வரச் சொன்னேன். தரையிலிருந்து எட்டுப் படி. மத்தியானம், ஒருவர்கூட விடுபடவில்லை என்று பாரங்களைக் கட்டும்போது கீழே யாரோ இருமினார்கள். எட்டிப் பார்த்தேன். மரம் விழுந்து இரண்டு காலும் போன மாரிமுத்து, காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

"மேல வர முடியல ஐயா. எழுதாம விட்டா நான் இல்லேன்னு ஆயிடுமா?"

இறங்கிப் போய் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து எழுதினேன். அவமானத்திலும் புத்தி வரவில்லை. தொழில் என்ற இடத்தில் அவரைக் கேட்காமலே 'இல்லை' என்று போட்டேன். என்ன எழுதினேன் என்று கேட்டார். சொன்னேன். மடியிலிருந்த சாணைக்கல்லை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அந்த 'இல்லை'யை அடிங்க. இந்தத் தோட்டத்துல பால் வெட்டுற உளி அத்தனையும் நான் தீட்டுறது. நான் சும்மா இருந்தா நாளைக்கு ஒரு மரத்துலயும் பால் வராது, தொரைகிட்டக் கேட்டுப் பாருங்க."

அத்தனை ஊரிலும் கேள்வி கேட்கத் தெரியாதவனாக நான் கண்டது ஒரே ஒருவனைத்தான். எல்லாப் பாரங்களின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருப்பவன் அவன்தான்.