வெள்ளைக் கட்டிக்குப் பாதிக் கணக்கு

1994ஆம் ஆண்டின் முன்பனிக்காலத்தில் கவ்ரீல் அக்சீன்யாவை முதன்முதலாகப் பார்த்தபோது, அவள் வில்யூய் ஆற்றின் நடுவே மண்டியிட்டு, உறைந்த பனிக்கட்டியைத் துளைத்துக்கொண்டிருந்தாள். அவனோ அக்கரையிலிருந்த தாலக்தாக் ஊருக்கு டீசல் ஏற்றி வந்த லாரி ஓட்டுநர், இருபத்தைந்து வயது, பொறுமை என்பது மருந்துக்கும் இல்லாதவன்.

"அக்கா, மீன் கெடைச்சா எனக்கும் ஒண்ணு எடுத்து வைங்க!" என்று கரையிலிருந்து கத்தினான்.

"நீ வண்டியோட உள்ள போனா, மீனுக்குத்தான் நீ கெடைப்ப. தடுப்புக்கு அந்தப் பக்கமே நில்லு."

ஒன்பது நாள் நிற்கவைத்த பிறகே அவள் தடுப்பைத் தூக்கினாள்.

அந்த ஆற்றுக்குப் பாலம் கிடையாது. கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆறே சாலை. கட்டியின் தடிமனை அளந்து வண்டிகளை விடும் வேலைக்குச் சாலைத் துறை அவளை ஒரு குளிர்காலத்துக்கென்றுதான் அமர்த்தியது. அவள் இருபத்தாறு குளிர்காலங்கள் இருந்துவிட்டாள். கணவன் வைரச் சுரங்க நகரத்துக்குப் போனவன் திரும்பவில்லை. "வர்றேன்னுதான் சொன்னான். ரோடு மூடியிருக்கோ என்னவோ," என்பாள். நாள்தோறும் காலையில் இருபது அடிக்கு ஒரு துளை, ஒவ்வொன்றிலும் அளவுகோல். பின்னாளில் வலத்தோள் தேய்ந்துபோய், பால் கலந்த தேநீரை இடக்கையால்தான் குடித்தாள். தடுப்பு மூடியிருந்தால் ஊரார் திட்டினர். திறந்திருந்தால் அவளை யாரும் நினைக்கவில்லை.

கடைசிக் குளிர்காலத்தில், ஆறு உறைந்த கையோடு ஈரப்பனி கொட்டித் தீர்த்தது. ஜனவரியில் கவ்ரீல் இருபது டன் சுமையோடு வந்து நின்றபோது, ஊர்த் தலைவர் செவெரியான் ஆற்றை நடந்து கடந்து வந்து அவளிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

"அறுபத்திரண்டு சென்டிமீட்டர்! நானே அளந்தேன். இந்தச் சுமைக்கு அறுபது போதும்னு நீங்கதானே சொல்வீங்க?"

அக்சீன்யா துளையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துக் காட்டினாள். மேற்பாதி பால்போல வெளுத்திருந்தது, கீழ்ப்பாதி நீலம்.

"மேல இருபத்தெட்டு வெள்ளை. ஈரப்பனி ஒறைஞ்சது. அதுக்குப் பாதி பலம்தான். பதினாலும் முப்பத்துநாலும் எவ்வளவு, தலைவரே?"

"நாப்பத்தெட்டு," என்றான் கவ்ரீல் மெல்ல.

"ஆமா, பெரிய கணக்கு வாத்தியாரு!" என்று தலைவர் அவன்மீது பாய்ந்தார். "ஊர்ல டீசல் அஞ்சு நாளைக்குத்தான் இருக்கு. கரண்டு நின்னா வெந்நீர்க் குழாயெல்லாம் வெடிச்சிரும். வீட்டுக்கு வீடு வெறைச்சுப் போவோம்!"

கவ்ரீலின் மகளும் அந்த ஊரில்தான் இருந்தாள். "அக்கா, எம் பொண்ணு புள்ள பெத்துப் பதினோரு நாள்தான் ஆகுது. வண்டி எறங்கினா வெளிய குதிக்கிற மாதிரி கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு மெதுவாப் போயிடறேன்."

"அந்தப் புள்ளைக்குத் தாத்தா வேணாமா? நீ முழுகினா ரோடும் ஒடைஞ்சிரும். அப்புறம் ஒரு சொட்டு டீசல் வராது."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"வாரியை எடு. பனிதான் ஆத்துக்குப் போர்வை. அதை வழிச்சாத்தான் குளிர் உள்ள எறங்கும்."

நான்கு நாள் வழித்தார்கள். ஊரார் நடந்து வந்து சேர்ந்துகொண்டனர். தலைவரும் முணுமுணுத்துக்கொண்டே வாரினார். வழித்த இடத்தில் அக்சீன்யா பம்பால் ஆற்றுநீரை இறைத்து மெல்லிய படலமாக ஊற்றினாள். அது உறைந்த பின் மீண்டும் ஊற்றினாள். கையுறை நனைந்து விறைத்தது. இருமல் அவளை இரண்டாக மடித்தது. "போய்ப் படுங்கக்கா," என்று கவ்ரீல் சொன்னால், "படுத்தா எந்திரிக்க மாட்டேன்," என்று மட்டும் சொல்வாள். அந்தக் குளிரில் நிறுத்தினால் மறுபடி உயிர்பெறாது என்பதால், லாரியின் என்ஜின் நான்கு நாளும் கரையில் உறுமிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் மாலையில் அவனுக்கு அவள்மீது கோபப்படக்கூடத் தெம்பில்லை.

ஐந்தாம் நாள் நண்பகலில் அவள் கடைசித் துளையை அளந்தாள். கீழே ஏழு சென்டிமீட்டரும், மேலே தெளிந்த கட்டியாக ஆறு சென்டிமீட்டரும் கூடியிருந்தன.

"அறுபத்தொண்ணு," என்றாள். அந்தக் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, பெருமையும் இல்லை. தடுப்பைத் தூக்கக் கை எழாததால் தலைவர்தாம் தூக்கினார்.

பதினெட்டு நாள் கழித்து நுரையீரல் நோயால் அவள் இறந்தபோது கவ்ரீல் நெடுஞ்சாலையில் இருந்தான். ஆதலால் தடுப்பைத் தூக்கிய அன்று கரையில் பேசியதே அவர்களுடைய கடைசிப் பேச்சாயிற்று. அவன் இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்த நிலையில் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். அவள் படியைப் பற்றிக்கொண்டு, மூச்சு வாங்கி, ஆற்றுக்கு அப்பால் பார்த்தாள்.

"அக்கரை ஏறினதும் வெளக்கை மூணு தடவை போட்டு அணை, தம்பி. அதைப் பாத்துட்டுத்தான் நான் போய்ப் படுக்கணும்."