செவ்வாய்க்கிழமை வரும்

கனடாவின் மொன்றியலில் எங்களுடைய முதல் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே குண்டு வெடித்தது. சுவரோரம் நின்ற இரும்பு ஹீற்றர் திடீரென்று டமார் என்று அடிக்க, அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே புகுந்துவிட்டார். எங்களுக்கு முன்பே வந்து துறைமுகக் கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்த மாமா, சோற்றுக் கோப்பையும் கையுமாகக் குனிந்து பார்த்தார்.

"அக்கா, அது குழாய்க்குள்ள ஆவி ஓடுற சத்தம். வெளியால வாங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தார். திருகோணமலையில் நாங்கள் கேட்டுவிட்டு வந்த சத்தங்கள் எதையும் அவர் கேட்டதில்லை. அவருக்கென்ன, சிரிக்கலாம்.

எனக்குச் சத்தத்தைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் பயம். சில நாள் காலையிலேயே மூன்று தரம் அடிக்கும். சில நாள் ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் தம்பி காதைப் பொத்தியபடியே திரிவான். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு விளங்காது, கணக்கு மட்டும் விளங்கும். அதனால், டெப்பனர் என்று இங்கே சொல்லும் தெருமுனைச் சில்லறைக் கடைக்காரர் சும்மா தந்த நாட்காட்டியில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி வைத்தேன். இரண்டு வாரம் வைத்தும் புள்ளிகள் கண்டபாட்டுக்குக் கிடந்தன. பிறகு ஒருநாள், ஹீற்றரின் மேல் யாரோ தேத்தண்ணீர் குடித்துவிட்டு மறந்து வைத்த சில்வர் பேணி கிலுகிலுவென்று நடுங்குவதைக் கண்டேன். நடுங்கத் தொடங்கியதிலிருந்து ஏழு எண்ணினேன், அடி விழுந்தது. அடுத்த நாளும் ஏழுதான்.

"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை," என்றார் மாமா.

"இருந்து பாருங்க," என்றேன்.

பேணி நடுங்கியது. ஐந்து, ஆறு, ஏழு. மாமாவின் தேத்தண்ணீர் அவருடைய காற்சட்டையில் ஊற்றுப்பட்டது. இந்த நாட்டுக்கு வந்தபின் தம்பி அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகு ஒருவரும் மேசைக்குக் கீழே போகவில்லை. நான் "வருது" என்பேன், கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவோம்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவின் கடிதங்களையெல்லாம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அப்பா, இரண்டு மாதத்தில் பின்னால் வருவதாகச் சொல்லி எங்களை விமானம் ஏற்றிவிட்டவர். சண்டை நடக்கும் ஊரில் எப்போது தபால் ஓடும், எப்போது பாதை பூட்டுவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

"மகள், அப்பாட கடிதத்துக்கும் இப்பிடி ஏதும் கணக்கு இருக்குமோ? ஒருக்காப் பாரன்."

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அது தெரிந்ததும், முதல் நாள் ஹீற்றர் அடித்தபோது வந்ததைவிடக் கூடிய பயம் வந்தது. நாட்களை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது, முப்பத்தொன்று, எட்டு, நாற்பது. கடைசிக் கடிதம் வந்து ஐம்பது நாளுக்கு மேலாகியிருந்தது. நடுங்கிக் காட்ட இங்கே ஒரு பேணியும் இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"செவ்வாய்க்கிழமை வரும்," என்றேன்.

நாளைக்கு என்றால் பொய் உடனே பிடிபடும். வெள்ளி என்றால் அதுவரை அம்மா தாங்கமாட்டார். என்னுடைய கணக்கு அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை அம்மா தையல் தொழிற்சாலைக்குப் போகவில்லை. தலைவாரி, நல்ல சேலை உடுத்து, கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகளுக்கு எதிரே இருந்த படியில் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். அவரைக் கடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் ஆசிரியை எதைக் கேட்டாலும் "மெர்சி", நன்றி, என்றே சொன்னேன். கடிதம் வந்தால் எங்கள் ஊர்க் கோணேசருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன். தேங்காய்க்கு இந்தப் பனிக்குள் எங்கே போவது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. பின்னேரம் வீட்டை நெருங்க நெருங்க மெதுவாக நடந்தேன்.

அம்மா அதே படியில்தான் இருந்தார். மடியில் ஒரு எயார்மெயில் உறை.

"வந்திட்டுது, மகள்," என்றார். "நீ சொன்னபடிதான்."

நான் துள்ளிக் குதித்தேன். உறை பிரிக்கப்படாமல் இருந்தது. முகவரி அப்பாவின் கையெழுத்தில் இல்லை. அவருடைய தமையன், எங்கள் பெரியப்பாவின் எழுத்து. அது எனக்கும் தெரிந்தது. யார் எழுதினால் என்ன, செவ்வாய்க்கிழமை வந்துவிட்டதே! காலையில் வந்த கடிதத்தைப் பின்னேரம் வரை ஏன் பிரிக்காமல் வைத்திருக்கிறார் என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மாவை இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த கடிதம் எப்போது வரும் என்று இப்போதே கணக்குப் பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.