அடிபடாதவர்களின் ரிப்போர்ட்

அத்தை என்னைப் பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, இழுத்துப்போன அன்று எனக்குப் பத்து வயது. என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

ஈப்போ நகருக்குத் தெற்கே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்டிருந்த பழைய தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பாவின் தங்கையான அத்தை என் பள்ளிக் கேண்டீனில் வேலை செய்தாள். காலையில் அவள் சைக்கிள் முன்னால் போகும், என்னுடையது பின்னால். அன்று பெரிய சாலை வளைவில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று எங்களை உரசுவதுபோல முந்தியது. நான் சைக்கிளோடு புல்லில் சாய்ந்தேன். லாரி நிற்கவில்லை. அத்தை என்னைத் தூக்கி நிறுத்தி, கைகால்களைத் தடவிப் பார்த்தாள். லாரியின் எண்ணை முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளைப் பட்டணத்துப் பக்கம் திருப்பினாள்.

பாலாயில் இருந்த போலீஸ்காரர் தமிழர்தான்.

"லாரி மோதிருச்சாக்கா?"

"இல்ல."

"பிள்ளைக்கு அடி?"

"இல்ல."

"அப்புறம் என்னான்னு ரிப்போர்ட் எழுதுறது? ஒண்ணும் நடக்கலியே லா."

"நடந்துருந்தா வந்து சொல்ல இவ இருந்திருக்க மாட்டா தம்பி. அதான் இப்பவே வந்திருக்கேன். எழுதுங்க."

அவர் எழுதும்வரை அத்தை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பத்தரை மணிக்கு வகுப்பில் நுழைந்த என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அத்தை விடவில்லை. அந்த வளைவில் எந்த வண்டி உரசிப் போனாலும் பாலாய்க்குப் போனாள். பிறகு, தோட்டத்துப் பிள்ளைகள் யார் யார் ஓரத்தில் தள்ளப்பட்டார்கள் என்று வீடு வீடாக விசாரித்து, அவர்களின் அம்மாக்களையும் கூட்டிப்போக ஆரம்பித்தாள். என் வகுப்பில் யாராவது தும்மினால்கூட, "ரிப்போர்ட் பண்ணு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள்.

அப்பாவுக்கும் பொறுக்கவில்லை. "விழாததுக்கெல்லாம் ரிப்போர்ட்டா? தோட்டமே சிரிக்குது."

"பல்லு இருக்கு, சிரிக்கிறாங்க. நீங்க சாப்பிடுங்கண்ணே."

எல்லா ரிப்போர்ட்டுகளின் நகலையும் எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கும் போனாள். மனுவைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். "வளைவைப் பாக்க எப்ப வாரீங்கன்னு சொல்லுங்க, போறேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம். நாலைந்து மாதம் கழித்து வளைவில் இரண்டு வேகத்தடைகள் வந்தன. ஓரத்தில் சைக்கிள் போக அகலமாகத் தாரும் போட்டார்கள்.

மறுநாள் காலை, வேகத்தடைக்கு முன்னால் ஒரு லாரி வேகம் குறைத்தது. ஓட்டுநர் எங்களைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். அத்தை சைக்கிளை விட்டு இறங்கி, அதை உருட்டிக்கொண்டு சாலையைக் கடந்தாள். பொறுமையிழந்து லாரி ஹாரன் அடித்தது. அவள் நடையைக் கூட்டவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் அத்தைக்கு லாரியே பயந்து நிற்கிறது!

அந்தப் பக்கம் போனதும் அத்தை புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முழங்கால்கள் வெடவெடவென்று ஆடின. கைகளால் அவற்றை அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. காலையில் பசியாறாமல் வந்திருப்பாள் என்று நினைத்து, என் பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து நீட்டினேன்.